நல்ல வருசத்து வருமானம்

எங்கள் மலைக் கிராமமான வாழவந்தியில் யாருக்காவது மூச்சு வாங்கினால் என்னிடம் அனுப்பிவைக்கிறார்கள். நான் வைத்தியம் படித்தவள் அல்ல. ஏற்காட்டில் கன்னியாஸ்திரிகள் நடத்திய பள்ளியில் எட்டாவது வரை படித்ததோடு சரி. ஆனால் எங்கள் ஊரிலிருந்து போய் இருதய ஆபரேஷன் செய்துகொண்டு நடந்து திரும்பி வந்த முதல் ஆள் நான்தான். வருகிறவர்கள் முதலில் தழும்பைப் பார்க்க ஆசைப்படுவார்கள். அடுத்த கேள்வி, "எவ்வளவுங்க ஆச்சு?" என்பது. அதற்கு ஒரே வரியில் பதில் சொல்ல என்னால் முடிந்ததில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

எண்பதுகளின் நடுவில் நடந்தது. எனக்கு இருபத்தெட்டு வயது. மகள் சுமதிக்கு ஆறு. என் வீட்டுக்காரர் வெள்ளையனுக்கு ஒன்றரை ஏக்கர் காபித் தோட்டம் இருந்தது. நிழலுக்கு நிற்கும் சில்வர் ஓக் மரங்களில் மிளகுக் கொடி ஏறியிருக்கும். ஓரத்தில் பத்துப் பதினைந்து ஆரஞ்சு மரங்கள். ஒன்றரை ஏக்கரில் ஒரு ஏக்கர் அவர் பாடுபட்டு வாங்கியது. அவருடைய அப்பா காலமெல்லாம் எஸ்டேட் கூலியாக இருந்தவர். சனிக்கிழமைதோறும் கணக்கெழுதும் ரைட்டர் முன்னால் வரிசையில் நின்று சம்பளம் வாங்கியவர். தான் யார் முன்னாலும் கை நீட்டி நிற்கப்போவதில்லை என்பதில் இவர் குறியாக இருந்தார். கடைக்காரரிடம் மறுநாள் கொடுப்பதாகச் சொல்லி ஒரு பொட்டலம் உப்புகூட வாங்கமாட்டார்.

எங்கள் வீடு மேட்டில். தண்ணீர் எடுக்கும் ஓடை கீழே. குடத்தோடு ஒரே மூச்சில் ஏறிக்கொண்டிருந்தவள், ஒரு மழைக்காலத்தில் இரண்டு இடத்தில் நிற்க ஆரம்பித்தேன். அடுத்த கோடையில் நான்கு இடம். படுத்தால் மூச்சு முட்டியது. சுவரில் சாய்ந்து உட்கார்ந்தபடியே தூங்கப் பழகிக்கொண்டேன். ரத்தம் குறைவு என்றார்கள். ஏற்காட்டில் ஒண்டிக்கடை முக்கில் ஒரு கம்பவுண்டர் வாரம் ஒரு சத்து ஊசி போட்டார். பிறகு சேலத்தில் ஒரு டாக்டர் ஆஸ்துமா என்று சொல்லி மாத்திரை எழுதினார். ஒவ்வொரு தடவையும் இரண்டு பேருக்கு பஸ் சத்தம், டாக்டர் ஃபீஸ், மருந்து, மத்தியானச் சாப்பாடு, போதாததற்கு அன்றைக்குத் தோட்ட வேலையும் கிடையாது. நோய் இன்னதென்று தெரிவதற்கு முன்பே ஒரு வருட ஆரஞ்சுப் பணம் போய்விட்டது. சரியான வைத்தியத்துக்குக் கொடுத்ததை மறந்துவிட்டேன். அந்தச் சத்து ஊசிகளுக்குக் கொடுத்தது இன்னும் நினைவில் இருக்கிறது.

ஒருநாள் இருமும்போது எச்சிலில் ரத்தம் வந்தது. என் பழைய பள்ளியை ஒட்டி ஒரு சின்ன மருந்தகம் இருந்தது. அங்கிருந்த சிஸ்டர் என்னை இடதுபக்கம் ஒருக்களித்துப் படுக்கச் சொல்லி, குழாயை வைத்து வெகுநேரம் கேட்டார். பிறகு, "மூச்சுக்குழல்ல ஒண்ணுமில்லம்மா, இருதயத்துல சத்தம் வருது," என்றார். எனக்குச் சின்ன வயதில் தொண்டை வலித்து, பிறகு முட்டியும் கணுக்காலும் வீங்கி, நடக்க முடியாமல் கிடந்தது உண்டா என்று கேட்டார். உண்டு. ஒன்பது வயதில் ஒரு மாதம் அப்படிக் கிடந்தேன். அதைப் போய் சிஸ்டர் ஏன் கேட்கிறார் என்று அப்போது விளங்கவில்லை.

சேலத்தில் எக்ஸ்ரேயும் ஈசிஜியும் எடுத்துப் பார்த்த டாக்டர் விளக்கிச் சொன்னார். இருதயத்தின் இடதுபக்கத்தில் மேலே ஓர் அறை, கீழே ஓர் அறை. நடுவில் ரத்தம் ஒருபக்கமாக மட்டும் போக இரட்டைக் கதவு ஒன்று உண்டு. அதற்கு மைட்ரல் வால்வு என்று பெயர். சின்ன வயதில் வந்த அந்தக் காய்ச்சல் மூட்டுகளை விட்டுப் போய்விட்டாலும் கதவைக் கெடுத்துவிட்டுப் போயிருக்கிறது. இரண்டு கதவும் ஓரத்தில் ஒட்டிக்கொண்டு, விரல் நுழையாத சந்துதான் மிச்சம். கீழே இறங்க வழியில்லாத ரத்தம் நுரையீரலில் தேங்குகிறது. அதனால்தான் மூச்சு வாங்குகிறது. மாத்திரையால் கதவு திறக்காது.

"திறக்காம உட்டா?" என்று இவர் கேட்டார்.

"ரெண்டு வருஷம், மூணு வருஷம். இன்னொரு பிரசவம் வந்தா அதுவும் கிடையாது."

சிஸ்டர் கொடுத்த கடிதத்தோடு ஒரு மிஷன் ஆஸ்பத்திரிக்குப் போனோம். சேலத்திலிருந்து ரயிலில் அரை நாள் பயணம். பெயர் வேண்டாம். சுமதியை இவருடைய அக்கா காளியம்மாள் தன் வீட்டுக்கு அழைத்துப் போனார்.

பெரிய ஆஸ்பத்திரியில் நோயாளியின் வேலை காத்திருப்பது. முதலில் சீட்டு வாங்கக் காத்திருக்க வேண்டும். பிறகு பணம் கட்ட, பிறகு ரசீதைக் காட்டிப் பரிசோதனைக்கு. ரசீது இல்லாமல் எந்தக் கதவும் திறக்காது. ரத்தத்துக்கு ஒன்று, எக்ஸ்ரேக்கு ஒன்று, நெஞ்சில் களிம்பு தடவி இருதயத்தை டிவியில் காட்டும் எக்கோவுக்கு ஒன்று. இவர் வேட்டிக்குள் போட்டிருந்த பட்டாபட்டி டவுசர் பாக்கெட்டில் பணம் வைத்திருந்தார். ஒவ்வொரு கவுண்டரிலும் கொஞ்சம் தள்ளிப்போய், சுவரைப் பார்த்துத் திரும்பி நின்று எடுப்பார். நாலு நாளில் அந்தச் சுவர்கள் எல்லாம் எனக்கு அடையாளம் தெரிந்துபோயின. திரும்பும்போது அவர் முகத்தில் ஒன்றும் இருக்காது.

ஆபரேஷன் என்று முடிவானது. மொத்தம் ஒன்பதாயிரம் ரூபாய் ஆகும் என்று ஒரு தாளில் எழுதிக் கொடுத்தார்கள். சிஸ்டரின் கடிதத்தைப் பார்த்த டாக்டர், பணம் கட்டுவதற்கு முன்னால் பன்னிரண்டாம் நம்பர் அறைக்குப் போகச் சொன்னார். அங்கே சமூக சேவகி என்று ஓர் அம்மா உட்கார்ந்திருந்தார். குடும்பத்து நிலையை விசாரித்து, ஏலாதவர்களுக்குத் தொகையைக் குறைத்துக் கொடுப்பது அவருடைய வேலை. இதெல்லாம் எனக்குப் பின்னால்தான் தெரியும். அன்றைக்கு இவர் என்னை வார்டில் விட்டுவிட்டு, வெளுத்த சட்டை போட்டுக்கொண்டு, தலையைப் படிய வாரிக்கொண்டு தனியாகப் போனார்.

திரும்பி வந்து, "சும்மா விசாரிச்சாங்க," என்றார்.

"என்னன்னுங்க?"

"பூமி எவ்வளவு, என்ன வருதுன்னு. சொன்னேன். முழுசும் கட்டறதுன்னு எழுதிட்டாங்க. நீ படு."

மறுநாள் பணம் புரட்ட ஊருக்குப் போனார். அவர் போன மூன்றாம் நாள் காளியம்மாள் அக்கா, சுமதியைக் கொழுந்தனார் வீட்டில் விட்டுவிட்டு, எனக்குத் துணைக்கு, கேழ்வரகு மாவும் ஊறுகாயும் எடுத்துக்கொண்டு வந்து சேர்ந்தார். என் காலைப் பிடித்துவிட்டபடி சாதாரணமாகத்தான் பேச ஆரம்பித்தார்.

"கொடியில இருக்கற மொளவ அப்படியே வெலை பேசிட்டான் கண்ணு. பாதி வெலைதான் குடுத்தாங்க. சில்வர் ஓக் எட்டு மரம் போச்சு. பசு போச்சு. அப்பவும் பத்தலை."

"அப்புறம்?"

"திங்கக்கெழம பூமிய போக்கியத்துக்கு எழுதிக் குடுக்கறான். உங்கிட்டச் சொல்ல வேண்டாம்னு சத்தியம் வாங்கியிருக்கான். என்னால வெச்சுக்க முடியலை சாமி."

போக்கியம் என்றால், வாங்கின பணத்தைத் திருப்பும்வரை பூமியைப் பணம் கொடுத்தவன் அனுபவிப்பான். நாங்கள் கூலிக்குப் போய் அந்தப் பணத்தைச் சேர்க்க வேண்டும். நெஞ்சைப் பிளந்துகொண்டு வந்தவள் எத்தனை வருடம் கழித்துக் கூடை தூக்குவது? நான் கணக்குப் போட்டுப் பார்த்தேன். பூமி திரும்பவில்லை.

அன்றைக்கு வெள்ளிக்கிழமை. வார்டு நர்ஸிடம் கேட்டுத்தான் பன்னிரண்டாம் நம்பர் அறை என்ன என்பதைத் தெரிந்துகொண்டேன். ஆஸ்பத்திரி கொடுத்த நீல அங்கியோடு, அக்காவின் தோளைப் பிடித்துக்கொண்டு, ஒரு நீளமான வராந்தாவை நாலு இடத்தில் நின்று நின்று கடந்தேன். எனக்குப் பயம் ஆபரேஷனைப் பற்றி இல்லை. பத்து வருடத்தில் அவர் சொன்ன சொல்லை வெளி ஆளிடம் நான் மறுத்துப் பேசியதே கிடையாது.

அந்த அம்மாவுக்கு ஐம்பது வயது இருக்கும். என் பெயரைக் கேட்டதும் காகிதத்தை எடுத்துப் பார்த்தார்.

"உங்க வீட்டுக்காரர் வந்து எல்லாம் சொல்லிட்டாரே. வருமானம் நல்லாத்தான் இருக்கு. ரெண்டு பசு, மிளகு, காபி..."

"அவ்வளவு வராதுங்க."

"அப்ப அவர் பொய் சொன்னாரா?"

"பொய் இல்லீங்க. நல்ல வருசத்தைச் சொல்லிட்டாருங்க."

அவர் பேனாவைக் கீழே வைத்தார்.

"நல்ல வருஷம் எப்ப வந்துச்சு?"

"சுமதி பொறந்த வருசங்க. ஒரே ஒரு தடவ."

அவர் சிரிக்கவில்லை. ஒரு புதுத் தாளை எடுத்து, போன வருடம் காபி எத்தனை மூட்டை, மிளகு எவ்வளவு, ஆரஞ்சு எங்கே போயிற்று, பசு எங்கே போயிற்று என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். கம்பவுண்டருடைய ஊசியைக்கூட எழுதிக்கொண்டார். ரயில் செலவு, வெளியே சாப்பிடும் செலவு, வேலை போன நாட்கள் எல்லாம் எழுதினார். நோயில் இதெல்லாமும் சேர்த்தி என்று ஒரு படித்த ஆள் சொல்லி அன்றுதான் கேட்டேன். கடைசியில், "மூவாயிரத்து இருநூறு கட்டினாப் போதும்," என்றார். பிறகு தாளைத் திருப்பிக் காட்டினார். "ஆனா குடும்பத் தலைவர் இதுல கையெழுத்துப் போடணும். முன்னாடி சொன்னது சரியில்லைன்னு அவரே ஒத்துக்கணும்."

அக்கா அன்று மத்தியான ரயிலிலேயே ஊருக்குத் திரும்பினார். பத்திரம் எழுதுவதற்கு முன்னால் இவரைப் பிடிக்க வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் இவர் வந்தார். என் கட்டிலுக்கு எதிரே நின்றார், உட்காரவில்லை. தாளை எடுத்துக் கொடுத்தேன். இரண்டு தடவை படித்தார்.

"தருமத்துல வைத்தியம் பாத்தான்னு ஊர்ல சொல்லுவாங்க," என்றார்.

"சொல்லட்டுங்க."

"எங்கப்பன் நின்னான் வரிசையில. நானும் நிக்கணுமா?"

"பூமி போனா நீங்களும்தாங்க நிப்பீங்க. நானும் நிப்பேன். சுமதியும் நிப்பா."

இதைச் சொன்னபோது எனக்கு மூச்சு வாங்கியது. நோயால் வாங்கியதா கோபத்தால் வாங்கியதா என்று தெரியவில்லை. அவர் ஜன்னல் பக்கம் போய் நின்றார். திங்கட்கிழமை காலையில் அறை திறந்ததும் போய்க் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தார். பிறகு ஆபரேஷன் முடியும்வரை என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. வெந்நீர் வாங்கி வருவார், தலை வாரிவிடக்கூடச் செய்வார், பேசமாட்டார்.

பக்கத்துக் கட்டிலைப் பற்றிச் சொல்ல வேண்டும். அதில் முத்துலட்சுமி என்று ஒரு பெண். கிருஷ்ணகிரிப் பக்கம். இருபது வயது, என் நோய்தான். அவள் அப்பா ஆடு மேய்ப்பவர், வெறும் மார்பில் துண்டோடு வராந்தாவில் கிடப்பார். அவர்கள் கையில் யாருடைய கடிதமும் இல்லை. பன்னிரண்டாம் நம்பர் அறைக்கு அவர்களை யாரும் அனுப்பவில்லை. கேட்டால்தான் அனுப்புவார்கள், கேட்கலாம் என்பது தெரிந்தால்தானே கேட்பது? இவர் கையெழுத்துப் போட்ட அன்று சாயந்தரம், அவளுக்கும் தொகை எழுதின தாள் வந்தது. அவள் அப்பா அதைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு நின்றார். முத்துலட்சுமி என்னிடம் கேட்டாள்:

"அக்கா, உங்களுக்கு எவ்ளோக்கா சொன்னாங்க?"

இவர் என் கால்மாட்டில் உட்கார்ந்து ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தார். கை நின்றது. அவர் தலை நிமிரவில்லை. காலையில்தான் அந்த மனிதர் தன் வாயால் சொன்னதைத் தன் கையெழுத்தால் அழித்துவிட்டு வந்திருக்கிறார். மூன்றாவது ஆள் முன்னால் அவர் சொல்லை இன்னொரு தடவை அழிக்க எனக்கு மனம் வரவில்லை.

"ஒம்பதாயிரம் கண்ணு," என்றேன்.

"எல்லாருக்கும் அதேதான் போல," என்று அவள் தன் அப்பாவிடம் சொன்னாள்.

ஆபரேஷனுக்கு மூன்று பாட்டில் ரத்தம் வேண்டும் என்றார்கள். இவர் ஒன்று கொடுத்தார். இவருடைய தம்பி ஊரிலிருந்து வந்து ஒன்று. அவரோடு திரும்பி வந்த அக்காவும் கை நீட்டினார்; சோதித்துப் பார்த்துவிட்டு, "அம்மா, உங்களுக்கே நாங்க ஏத்தணும்," என்று சொல்லி இரும்புச் சத்து மாத்திரை கொடுத்து அனுப்பிவிட்டார்கள். மூன்றாவது பாட்டிலைக் கொடுத்தவர் எங்கள் வார்டைப் பெருக்குகிற ஒருவர். காசு கொடுக்கப் போனோம். டீயும் பன்னும் மட்டும் வாங்கிக்கொண்டார்.

அடுத்த வாரம் செவ்வாய்க்கிழமை காலையில் என்னைத் தள்ளிக்கொண்டு போனார்கள். இருதயத்தை நிறுத்தாமல், அது துடித்துக்கொண்டிருக்கும்போதே, இடது விலாவைத் திறந்து, மேலறையில் ஒரு சின்ன வாய் வைத்து, டாக்டர் தன் விரலை உள்ளே விட்டு ஒட்டியிருந்த கதவை நெட்டித் திறந்தாராம். என்னிடம் வந்த பக்கத்து ஊர்க் கொத்தனார் ஒருவர் இதைக் கேட்டுவிட்டு, "அவ்வளவுதானா?" என்று கேட்டார். அவ்வளவுதான்.

கண் விழித்தபோது விலாவில் ஒரு குழாய், அது போய் முடிகிற இடத்தில் கண்ணாடிப் புட்டியில் சிவப்புத் தண்ணீர். வலியைப் பற்றி நிறையச் சொல்லலாம், பிரயோசனமில்லை. ஒன்று மட்டும். சளி சேராமல் இருக்க இருமியே ஆக வேண்டும். தலையணையை நெஞ்சோடு கட்டிப் பிடித்துக்கொண்டு இருமச் சொல்வார்கள். மணிக்கு ஒரு தடவை. அந்தத் தலையணையை மறுபக்கம் தன் உள்ளங்கையால் தாங்கிப் பிடித்துக்கொண்டு நின்றது இவர். இரண்டாம் நாள் அப்படி நிற்கும்போதுதான் வாயைத் திறந்தார்.

"கருப்பா இருந்த உதடு செவந்துருக்குது புள்ள," என்றார்.

ஐந்தாம் நாள் பழைய வார்டுக்குக் கொண்டுவந்தார்கள். பக்கத்துக் கட்டிலில் வேறொரு கிழவி இருந்தாள். முத்துலட்சுமி எங்கே என்று நர்ஸைக் கேட்டேன்.

"டிஸ்சார்ஜ் வாங்கிட்டுப் போயிட்டாங்க. ஆடு வித்துப் பணம் சேத்துக்கிட்டு வர்றோம்னு சொன்னாரு அவங்க அப்பா."

எந்த நாள் என்று கேட்டேன். நான் ஆபரேஷன் தியேட்டரில் இருந்த அதே நாள்.

பன்னிரண்டு நாளில் வீட்டுக்கு வந்தேன். நாற்பது வயதுவரை, இருபத்தொரு நாளுக்கு ஒரு தடவை பென்சிலின் ஊசி போட வேண்டும் என்றார்கள். பழைய காய்ச்சல் திரும்பி வந்தால் கதவு மறுபடி ஒட்டும். அந்த ஊசி இடுப்பில் ஏறினால் இரண்டு நாள் நடக்க முடியாது. அதற்கும் பஸ், அதற்கும் மருந்து, அதற்கும் ஒருநாள் வேலை. ஆபரேஷனுக்கு ஆன செலவு ஒரு தடவையோடு முடிந்தது. ஊசிச் செலவு வருடக்கணக்கில் கூடவே வந்தது. வெட்டிய மரங்களின் இடத்தில் வெயில் நேராக விழுந்து காபிச் செடி காய்ந்தது. மறுபடி மரக்கன்று வைத்தோம். பூமி எங்களிடம் இருந்தது.

மூன்று மாதம் கழித்து மறுபரிசோதனைக்குப் போனபோது முத்துலட்சுமி வந்திருக்கிறாளா என்று வார்டுக்குள் போய்ப் பார்த்தேன். ஆறாம் மாதமும் பார்த்தேன். அதற்குமேல் பொறுக்காமல் பன்னிரண்டாம் நம்பர் அறைக்குப் போய், நடந்ததைச் சொல்லி, அவள் விலாசத்துக்கு ஒரு கடிதம் போடச் சொன்னேன். ஒன்பதாயிரம் என்று நான் சொன்னதையும் சொன்னேன். அந்த அம்மா என்னைத் திட்டவில்லை. "வரச் சொல்லி எழுதறேன்," என்றார்.

அடுத்த தடவை போனபோது பதில் கார்டை எடுத்துக் காட்டினார். யாரோ பள்ளிக்கூட வாத்தியார் எழுதிக் கொடுத்தது போலிருந்தது. நல்ல கையெழுத்து. ஆடுகளில் பாதியை விற்றாகிவிட்டது, மீதிக்கு விலை படியக் காத்திருந்தோம், கார்த்திகை மாதம் பெண் தவறிவிட்டாள், தாங்கள் கேட்டு எழுதியதற்கு நன்றி என்று இருந்தது.

வெளியே வந்து காத்திருக்கும் பெஞ்சில் இவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். கார்டில் இருந்ததைச் சொன்னேன்.

"நான் ஒம்பதாயிரம்னு சொல்லிட்டனுங்க," என்றேன்.

"நான்தான் பக்கத்துல உக்காந்திருந்தனே," என்றார்.

எங்களுக்கு எதிரே ஒரு குடும்பம் உட்கார்ந்திருந்தது. ஆணும் பெண்ணும் நடுவில் ஒரு பையன். பையனுக்கு உதடு கருத்திருந்தது. அந்த ஆள் எழுந்து, கொஞ்சம் தள்ளிப்போய், சுவரைப் பார்த்துத் திரும்பி நின்று பணம் எண்ணிவிட்டு வந்தார். இவர் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு முன்னால் குனிந்து, நாலு பேர் திரும்பிப் பார்க்கும்படி சத்தமாகக் கேட்டார்:

"ஏனுங்க, பன்னெண்டாம் நம்பர் ரூமுக்குப் போனீங்களா?"

"அது எதுக்குங்க?"

"கட்டற பணத்தக் கொறைச்சுத் தருவாங்க. எங்கூட்டுக்காரிக்கு ஒம்பதாயிரம் சொன்னாங்க. மூவாயிரத்து எரநூறுதான் கட்டுனேன். மிச்சம் தருமம்."

அந்த ஆளின் முகம் சுருங்கியது. சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டார்.

"நாங்க அப்படிப்பட்டவங்க இல்லீங்க. எங்களுக்கு வசதி இருக்குது."

"நானும் அப்படித்தானுங்க சொன்னேன்," என்றார் இவர்.

அந்த ஆள் பையன் பக்கம் திரும்பிக்கொண்டார். அந்தப் பெண் மட்டும் இவரைப் பார்த்து, பிறகு வராந்தாவின் கடைசியில் இருந்த கதவைப் பார்த்தாள். அவர்கள் எழுந்து போனார்களா என்பது எனக்குத் தெரியாது. அதற்குள் எங்கள் நம்பரைக் கூப்பிட்டுவிட்டார்கள்.